கஞ்சியில் ஓடிய நொதியங்கள்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளைச் சீருடைக்குக் கஞ்சி போட்டுக் கற்பிட்டிக் காற்றில் காயவைத்தவர்கள் நாங்கள். ஆறிய கஞ்சி கட்டியாவது நமக்குப் புதிதல்ல. கனடாவில் ஆய்வு செய்த ஒலிவர் ஸ்மிதீஸுக்கும் தம் தாயார் சட்டைக்குப் போட்ட கஞ்சிதான் நினைவுக்கு வந்தது. மாப்பொருளைக் காய்ச்சி உறையவைத்து, அதில் மின்சாரம் செலுத்திப் புரதங்களைப் பிரித்தார். 1955இல் அந்த முறை வெளியானது.

1967இல் மேரி வைஸ் என்ற பெண்ணும் ஹவார்ட் கிரீனும் மனிதக் கலத்தையும் சுண்டெலிக் கலத்தையும் ஒன்றாக்கி வளர்த்தார்கள். அந்தக் கலப்புக் கலங்கள் பெருகப் பெருக, எலியின் நிறமூர்த்தங்கள் தங்கின. மனித நிறமூர்த்தங்கள் கழன்று போயின. ஒவ்வொரு கலவழியிலும் எஞ்சியவை வேறு வேறு.

அதனால் என்ன பயன்? மனித நொதியமும் எலி நொதியமும் ஒரே வேலையைச் செய்தாலும் மின்னேற்றத்தில் சற்று வேறுபடும். ஜெல்லில் வெவ்வேறு தூரம் ஓடும். நொதியம் தொழிற்படும் இடத்தில் மட்டும் நிறம் பிடிக்கும் சாயத்தை ஊற்றினால் கருநீலப் பட்டைகள் தெரியும். முதன்முதல் அதைக் கண்ட அன்று எனக்குச் சாப்பாடே மறந்தது.

காலைக் கூட்டத்தில் ஒரு நல்ல குரல் சில நாட்கள் கேட்கிறது, சில நாட்கள் இல்லை. யாருடையது? வகுப்பு இடாப்பைப் பாருங்கள். கேட்ட நாளெல்லாம் வந்து, கேளாத நாளெல்லாம் வராதவள் எவளோ, அவள்தான். இப்படித்தான் தைமிடின் கைனேசு 17ஆம் நிறமூர்த்தத்துக்கு உரியது என்று கண்டார்கள். லக்டேற்று டிஹைதரோஜினேசின் ஏ பகுதி 11இலும் பி பகுதி 12இலும் அகப்பட்டன. பிறகு தலைகீழாகவும் பயன்பட்டது: மனிதப் பட்டை தெரிந்தால் அந்த நிறமூர்த்தம் உள்ளே இருக்கிறது.

மனித எக்ஸ் நிறமூர்த்தத்துக்கு அப்படி அடையாளமான நொதியம் ஜீ6பீடீ. மலேரியாவை அறிந்த நம் புத்தளத்தாருக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. இந்த நொதியம் குறைந்தவர் பிரைமாக்குயின் குளிசை எடுத்தால் செங்குருதிக் கலங்கள் உடையலாம். சிறுநீர் கறுக்கும், கண் மஞ்சளாகும். ஆண்பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் தாயிடமிருந்து வருவது. ஆகவே மகன்களில்தான் கூடுதலாகத் தெரியும். தாயோ பெரும்பாலும் சுகமாகவே இருப்பாள். தன்னிடம் அது இருப்பதே அவளுக்குத் தெரியாது.

2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வரும் நம் பிள்ளைகளுக்கு இன்றும் அந்தக் குளிசை தேவைப்படலாம். கொடுக்குமுன் ஜீ6பீடீ பார்த்தார்களா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.