ஒரு சாடிக்குள் ஒரு காடு

(லண்டன் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் பேசப்போகிறார் என்றதும் நீரிழிவும் கொலஸ்ட்ரோலும் வரும் என்று பயந்திருப்பீர்கள். இன்று அவை இல்லை. மரம் வளர்ப்பதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

என் வீட்டுப் பின்வளவில் யப்பானியச் சீடாரின் குள்ள இனத்தைப் பொன்சாய்க் காடாக வளர்க்கிறேன். பெயர்தான் சீடார், தேவதாருவின் குடும்பம் அல்ல. யப்பானியர் இதைச் ‘சுகி’ என்பார்கள். யக்குசிமாத் தீவில் ஆயிரம் ஆண்டு கடந்த சுகிகள் இன்றும் நிற்கின்றன. என்னுடையவை ஒரு முழம்கூட இல்லை.

யப்பானில் ஒமியா என்று ஒரு பொன்சாய்க் கிராமம் உண்டு. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு ரோக்கியோவிலிருந்து இடம்பெயர்ந்த பொன்சாய்க்காரர்கள் 1925இல் அமைத்த ஊர். அங்கே குடியிருப்பவர் பத்துப் பொன்சாயாவது வைத்திருக்க வேண்டும், வேலி உயிர்வேலியாக இருக்க வேண்டும், படலை எவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று தங்களுக்குள் விதி வைத்தார்கள். இடம்பெயர்ந்தவர்கள் முதல் வேலையாகப் படலையைத் திறந்து வைத்தார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

தனிமரப் பொன்சாய்க்கு நல்ல அடியும் எல்லாப் பக்கமும் கிளையும் வேண்டும். காட்டுக்கு அது வேண்டியதில்லை. ஒருபக்கம் மொட்டையான கன்று, மெலிந்து நெடுத்த கன்று, தனியே வைத்தால் யாரும் திரும்பிப் பாராத கன்று எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. மொட்டைப் பக்கத்தை உள்ளே திருப்பி நட்டால் போதும். என் சாடியில் ஒன்பது மரங்கள். தடித்ததை நடுவிலிருந்து சற்று விலக்கி முதலில் நட்டேன். மெலிந்தவை பின்னால் நின்றால் காட்டுக்கு ஆழம் வரும். முன்னால் நின்று பார்க்க மூன்று மரங்கள் ஒரே கோட்டில் வரக்கூடாது. பள்ளிக்கூட அசெம்பிளியில் பழகிய வரிசை இங்கே உதவாது!

தண்ணீர் தவறக்கூடாது. துளிரைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் விரலால் கிள்ள வேண்டும், இல்லாவிட்டால் நுனி கருகும். குளிர்காலத்தில் செம்பழுப்பாக மாறும். செத்துவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள், வசந்தத்தில் பச்சை திரும்பும்.

சில ஆண்டுகளில் வேர்கள் பாய்போலப் பின்னிவிடும். காட்டை ஒரே துண்டாகத் தூக்கலாம்.

மூன்றாம் ஆண்டு நடுவில் நின்ற ஒன்று பட்டுப்போனது. அறுத்துவிடு என்றார்கள். அறுத்தால் பக்கத்து மரங்களின் மொட்டைப் பக்கம் வெளியே தெரியும். அவை அதற்கு இடம் விட்டு வளர்ந்தவை. பட்டையை உரித்து நிற்கவிட்டேன். இன்றும் வெள்ளையாக நிற்கிறது.

1995 ஐப்பசியில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து நடந்த இரவுக்குப் பிறகு எங்கள் வகுப்பு முழுதாக ஓரிடத்தில் கூடவேயில்லை. சிலர் இனி வரமாட்டார்கள். நூற்றாண்டு மலரின் வகுப்புப் பட்டியலில் அவர்களைத் தனிப்பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் போடாமல், இடாப்பில் இருந்தபடியே எங்கள் பெயர்களுக்கு நடுவில் போடும்படி மலர்க்குழுவிடம் கேட்டிருக்கிறேன். குழுவில் இருப்பவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள்; திரும்பவும் கேட்கிறேன்.

சீடார்க் கிளையை வெட்டி நட்டாலே வேர்விடும். பதினொரு கன்று தயாராக வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் தேநீர் வேளையில் சொல்லுங்கள். ஊருக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். யாழ்ப்பாணத்து வெயிலை இது தாங்காது.