மொலோக்காயிலிருந்து தாய்க்கு

பெல்ஜிய நாட்டின் திரெமெலோ என்னும் சிற்றூரில் 1840ஆம் ஆண்டு பிறந்த யோசேப் த வூஸ்தரே, பின்னாளில் தமியான் அடிகளார் என உலகறிந்தவர். பழைய பெரிய நூலொன்றிலிருந்து புனிதர் சரிதைகளைத் தம் மக்களுக்கு வாசித்துக் காட்டிய கமக்காரப் பெண்மணி அவர் அன்னை. மகனைக் கடல் கடக்கச் செய்ததில் அந்நூலுக்கும் பங்குண்டு எனலாம்.

ஹவாய்த் தீவுகளுக்குச் செல்லவிருந்தவர் துறவியாகிய தமையனாரே. அவர் நோயுற்றமையால் 1863இல் தம்பி புறப்பட்டார். மாதா திருத்தலமொன்றில் தாயும் மகனும் பிரிந்தனர். அதன்பின் அவர்களுக்குக் கடிதங்களன்றி வேறு சந்திப்பு இல்லை.

1873இல் மொலோக்காய்த் தீவின் தொழுநோயாளர் குடியிருப்புக்குச் சென்றார் அடிகளார். நோய் தம்மைத் தீண்டுமுன்னரே, மறையுரையில் மக்களைத் தம்மிலிருந்து பிரிக்காது, ‘தொழுநோயாளராகிய நாம்’ என்றே தாம் கூறுவதாகத் தமையனாருக்கு அவ்வாண்டே எழுதினார். 1884ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் கொதிநீரில் கால் பட்டது, சுடவில்லை. அச்சொல் மெய்யாயிற்று.

ஆயருக்கு அறிவித்தார். முதிய அன்னைக்கோ அதனை எழுதவில்லை. விசுவாசத்தை ஊட்டிய தாயிடமே மறைப்பது முறையோ என நேயர்கள் வினவலாம். இறைவன் திருவுளத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தல் வேறு, பெற்றவளை அவ்வேதனைக்கு ஆளாக்குதல் வேறு என அவர் எண்ணினார் போலும். அதனைக் குறையெனக் கொள்வதற்கில்லை. ஆனால், செய்தித்தாள்கள் மறைக்கவில்லை. அவற்றின் வாயிலாக உண்மையறிந்த அன்னை 1886இல் காலமானார்.

அடிகளார் 1889 ஏப்பிரல் 15ஆம் நாள் வரை அத்தீவிலேயே வாழ்ந்தார். அன்னை மறைந்து 50 ஆண்டுகளின் பின், 1936இல், மகனின் உடல் பெல்ஜியத்துக்கு மீண்டது.