வாடிக்கையாளரின் எண் ஓர் அமானிதம்

 

நம் அவலூர்பேட்டையில் எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஏசி மெக்கானிக் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் தெரியும். அடுத்த வேலை எப்போது வரும் என்பதுதான் தெரியாது.

இதே வேலைகளை ஆன்லைனில் பிடித்துத் தரும் 'அர்பன்கிளாப்' 2014-இல் டெல்லிப் பக்கம் தொடங்கியது. இன்று அது 'அர்பன் கம்பெனி'. இத்தகைய நிறுவனங்கள் ஒருமுறை வந்த வாடிக்கையாளரை மறப்பதில்லை. ஏசி சர்வீஸ் செய்த வீட்டுக்கு அடுத்த கோடைக்கு முன் ஈமெயில் போகும்.

நமக்கு ஒரு நோட்டு போதும். பெயர், எண், செய்த வேலை, தேதி எழுதி வையுங்கள். பிப்ரவரியில் ஏசிக்காரருக்கு, ரமலானுக்கு முன் தண்ணீர்த் தொட்டி கழுவுபவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள்.

தினமும் அனுப்பினால் அது தொல்லை. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புவோர், விளம்பர மடலிலிருந்து ஒரே சொடுக்கில் விலக வழி தரவேண்டும்; ஸ்பேம் புகார் ஆயிரத்துக்கு மூன்றை எட்டக்கூடாது. இது 2024-இல் கூகுள் கொண்டுவந்த விதி.

ஆகவே வேலை முடிந்ததும், "அடுத்த முறை நினைவுபடுத்தலாமா?" என்று கேளுங்கள். சம்மதித்தவருக்கு மட்டும் அனுப்புங்கள். வேண்டாம் என்றால் அன்றே பெயரை அடித்துவிடுங்கள்.

பெண்கள் தனியாக இருக்கும் வீட்டு எண்ணும் அந்த நோட்டில் இருக்கும். நண்பன் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அந்த நாணயத்தைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டார் கூப்பிடுவார்கள், இன்ஷா அல்லாஹ்.