ஆயாவின் வலது கால்

(நம் மருத்துவமனையின் ஆதரவாளர் கூட்டத்தில், மலேசியாவிலிருந்து சென்று கடலூர், சிதம்பரம் பகுதியில் ஆறு மாதம் ஊழியம் செய்து திரும்பிய தம்பதியர் கொடுத்த செய்தி)



செப்டம்பர் மாதம் போனது, மழையில் மாட்டிக்கொண்டது, கிறிஸ்துமஸ் ஆராதனை, இவற்றையெல்லாம் கடிதங்களில் எழுதிவிட்டோம். ஆகவே இன்று கடைசி மூன்று வாரங்களைப் பற்றி மட்டும் பேச அனுமதி கேட்கிறோம். அந்த மூன்று வாரத்தில்தான் எங்களுக்குத் தலைகுனிவும் வந்தது, வேலையும் புரிந்தது.

எங்களில் ஒருவர் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். மற்றவர் தச்சுவேலை தெரிந்தவர். மருந்து ஒன்றும் தெரியாது. கடலூர் முதுநகரில் ஒரு மீனவக் குடும்பம் தங்கள் வீட்டின் முன்னறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தது. தம்பி விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். தங்கச்சி விடியற்காலையில் துறைமுகத்தில் மீன் எடுத்துத் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் விற்கிறவர். பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண். பிறகு, தம்பியின் தாயார். எல்லாரும் "ஆயா" என்றார்கள், நாங்களும் அப்படியே அழைத்தோம். "பசியாறிட்டீங்களா?" என்று முதல் நாள் நாங்கள் கேட்டதற்கு ஆயா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்த வீட்டில் "சாப்ட்டீங்களா" தான். எங்கள் பாட்டன் நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது கொண்டுபோன சொல் எங்களிடம் தங்கிவிட்டது போலிருக்கிறது.

தினமும் காலையில் கடலூர் துறைமுகம் சந்திப்பில் ரயிலேறுவோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, அப்புறம் சிதம்பரம். நம் மருத்துவமனையின் கிராமக் கிளினிக்குகள் இந்தத் தடத்தை ஒட்டியே நடக்கின்றன. அங்கே எங்கள் வேலை பாதங்கள். சர்க்கரை வியாதியில் கால் மரத்துப்போனவர்கள், பழைய தொழுநோயாளிகள், வெறுங்காலோடு உப்புத்தண்ணீரிலும் சுடுமணலிலும் பிழைப்பவர்கள். எங்களில் ஒருவர் கழுவிக் கட்டுவார், மற்றவர் செருப்புப் பட்டறையில் ரப்பர் வெட்டுவார்.

பரங்கிப்பேட்டை ஸ்டேஷன் வரும்போதெல்லாம் ஒரு டேனிஷ் அம்மையாரை நினைத்துக்கொள்வோம். ஆன் மேரி பீட்டர்சன் 1909-ல் டென்மார்க்கிலிருந்து மிஷனெரியாக வந்தார். காந்தியடிகளைச் சந்தித்தபின் மிஷன் சங்கத்தை விட்டு, பரங்கிப்பேட்டையில் பெண்பிள்ளைகளுக்காக சேவாமந்திரைத் தொடங்கினார். 1921-ல் காந்தியே வந்து அதற்கு அஸ்திவாரக்கல் வைத்தார். அதற்கு வெகு முன்னால், 1740-ல் கடலூருக்கு வந்த கீர்நாண்டர் என்ற சுவீடன் தேச ஊழியர் பதினெட்டு வருஷம் இருந்து, 1758-ல் பிரெஞ்சுக்காரர் ஊரைப் பிடித்ததால் கல்கத்தாவுக்குப் போக நேர்ந்தது. எங்களுக்கோ திரும்பிப்போகும் டிக்கெட் வரும்போதே பெட்டிக்குள் இருந்தது. ஆறு மாதக்காரர்கள் அதை மறக்கக்கூடாது.

மார்ச் முதல் வாரம். லெந்து காலம். பரீட்சைக்குப் படிக்கும் பெண் இரவு பத்து மணிக்கு வந்து, "ஆன்ட்டி, ஆயா படுக்கையில ஒரு வாடை வருது, அம்மாகிட்ட சொல்லாதேன்னு சொல்லுது" என்றாள். விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தோம். வலது கால், பெருவிரலுக்குக் கீழே, மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குப் புண். சுற்றிலும் காய்ப்பு தடித்திருந்தது. உள்ளே சேலைத் துணியைச் சுருட்டி வைத்திருந்தார்கள். கருவாடு காயப்போட்ட மணலில் மத்தியானம் நின்று புரட்டியபோது கொப்புளம் வந்ததாம். எப்போது? பொங்கல் கழிந்து. சுடவில்லையா? "சுட்டாத்தானே கண்ணு தெரியும்."

ஆறு வாரம். தினமும் ஊரார் பாதங்களையெல்லாம் பார்க்க ரயிலேறிப் போனவர்கள், எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்த காலைப் பார்க்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "நீங்க விருந்தாளிங்க. வூட்ல வந்து என் புண்ணையா பாக்கணும்?" என்றார்கள். அதற்குமேல் அன்றிரவு எங்களால் பேச முடியவில்லை.

மறுநாள் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனோம். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை உண்டு. அதைப் பாதத்தில் தொட்டுத்தொட்டுக் கேட்பார்கள். ஆயா கண்ணை மூடிக்கொண்டு ஒரு இடத்தில்கூட "ஆம்" சொல்லவில்லை. நாடி இருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தமாக இருந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். டாக்டர் மாவுக்கட்டு போடலாம் என்றார்.

கைகால் ஒடியாதவருக்கு மாவுக்கட்டு எதற்கு என்று தச்சர் கேட்டார். இந்த இடத்தில் உங்களுக்கும் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் காணிக்கை போகும் வழி இது. உணர்ச்சியற்ற பாதத்தில் புண் ஆறாததற்குப் பெரிய காரணம், வலி இல்லாததால் அந்தப் புண்ணின்மேலேயே திரும்பத்திரும்ப நடப்பதுதான். வலியுள்ளவர் நொண்டுவார், அந்த நொண்டலே வைத்தியம். கொல்லிமலையில் மிஷனெரிகளின் மகனாக 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூரில் தொழுநோயாளிகளிடையே வேலைசெய்தபோது இதை ஆணித்தரமாகக் காட்டினார். பாதத்தையும் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியையும் அச்சு எடுத்ததுபோல் மாவுக்கட்டுக்குள் வைத்துவிட்டால், மிதிக்கும் பாரம் ஒரே இடத்தில் விழாமல் பரவிவிடும். நோயாளி நடமாடும்போதே புண் ஆறும். 1966-ல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இந்த முறையைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் கொண்டுபோனார். நம் நாட்டுத் தொழுநோயாளிகளின் பாதத்தில் கற்ற பாடம் உலகம் சுற்றி, முதுநகர் ஆயாவின் காலுக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் கட்டை வாரந்தோறும் பிரித்து, காய்ப்பைச் சீவி, மறுபடி போட வேண்டும். நாங்கள் இருக்கப்போவதோ மூன்று வாரம். பிறகு யார் கூட்டிப்போவது? யார் பார்ப்பது? பெண்ணுக்குப் பரீட்சை. தங்கச்சி ஒரு நாள் மீன் எடுக்காவிட்டால் வட்டிக்காரர் வாசலில் நிற்பார். ஜெபித்தோம், கணக்கும் போட்டோம்.

தம்பி அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் கடலிலிருந்து வந்தவர், வலையைக்கூட இறக்காமல், "ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். அறுபத்தோரு நாள் நான் சும்மாதான் இருப்பேன். எனக்குக் கத்துக்குடுங்க சிஸ்டர்" என்றார். தடைக்காலம் என்றால் வீட்டில் வருமானம் குறையும் காலம். அரசு நிவாரணத்தை வைத்து ஓட்ட வேண்டும். அதைத்தான் அவர் தன் தாயாருக்காகக் கையிலெடுத்தார். இடையில் இருந்த சில வாரங்களுக்கு, சனிக்கிழமை கடலுக்குப் போகாமல் கூலியை விடவும் ஒப்புக்கொண்டார்.

கற்றுக்கொடுத்தோம். சிதம்பரத்தில் கட்டைப் பிரிக்கும்போது பக்கத்தில் நிறுத்தினோம். மற்றக் காலை தினமும் மாலையில் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, அடியில் சிவப்போ சூடோ இருக்கிறதா என்று புறங்கையால் பார்ப்பதை வீட்டுத் திண்ணையில் வைத்தே பழக்கினோம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஆயா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "உள்ளார போய்ச் செய்டா" என்று திட்டினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. பெரிய வியாழன் ஆராதனையில் பாதம் கழுவின பகுதி வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அன்று திண்ணையில்தான் அதைப் பார்த்தோம்.

இன்னொன்று சொல்லாவிட்டால் பொய்யாகும். இரண்டாம் வாரம் கட்டைப் பிரித்தபோது ஓரத்தில் புதிதாக ஒரு சிராய்ப்பு. கட்டுக்குள் கருவாட்டு மணல் போயிருந்தது. நாங்கள் இல்லாத நேரம் பார்த்து ஆயா போய்ப் புரட்டியிருக்கிறார்கள். எங்களுக்குக் கோபம் வந்தது. தங்கச்சிதான், "அந்தக் கருவாட்டுக் காசுலதான் ஆயா பாப்பாவுக்குப் பரீட்சைப் பணம் கட்டுச்சு" என்று மெதுவாகச் சொன்னார். கோபம் போன இடம் தெரியவில்லை. அன்று முதல் பெண், படிப்புக்கு நடுவே விடியற்காலையில் போய்ப் புரட்டிவிட்டு வந்தாள். ஆயா கட்டிலிலிருந்தே அதிகாரம் செய்தார்கள்.

வாரந்தோறும் கண்ணாடித்தாளைப் புண்ணின்மேல் வைத்து, பேனாவால் ஓரம் வரைந்து தேதி போடுவோம். புறப்படும்போது மூன்று தாள்கள் இருந்தன. முதலாவதில் ஒரு பெரிய புளியங்கொட்டை; மூன்றாவதில் ஒரு துவரம்பருப்பு. தாள்களைத் தம்பியிடம் ஒப்படைத்தோம். வழியனுப்ப ஆயா வாசல்வரை வரக் கூடாதென்று சொல்லிவைத்தோம். கட்டிலிலிருந்தே எங்கள் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். பெட்டியில் கருவாடு வைக்கவேண்டாம் என்று எத்தனையோ சொன்னோம். கோலாலம்பூரில் பெட்டியைத் திறந்தபோதுதான் அது உள்ளே இருந்தது தெரிந்தது.

தடைக்காலம் இப்போது பாதி கடந்துவிட்டது. தம்பி ஒரு வாரமும் தவறவில்லை என்று மருத்துவமனையிலிருந்து சொன்னார்கள். போன சனிக்கிழமை அந்தப் பெண் போனில் ஒரு படம் அனுப்பினாள்: தாளில் பேனா முனை அளவுக்கு ஒரு வட்டம், பக்கத்தில் தேதி, அவளுடைய கையெழுத்தில். இன்னும் மூடவில்லை. ஜூன் 14 இரவோடு தடை முடிந்து படகுகள் புறப்படும். அதற்குள் மூடவேண்டும் என்று எங்களோடு சேர்ந்து ஜெபியுங்கள். ஆயாவின் செருப்பு பட்டறையில் தயாராக இருக்கிறது. இடது காலுக்கு வார் தைத்தாகிவிட்டது. வலது காலுக்கு, கடைசிக் கட்டைப் பிரித்து அளவு எடுத்தபிறகுதான் தைப்பார்கள்.