பழமொழியும் நம்ம கணக்கு நோட்டும்

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மைக் பிடிப்பது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்குங்க.

பழமொழி பற்றிப் பேசச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் ஔவையாரின் ஆத்திசூடி படித்திருக்கிறோம். குட்டிக் குட்டியாக 109 வரி. கொன்றை வேந்தன் 91 வரி. எல்லாம் அகர வரிசையில். எதுகை மோனை இருந்தால் ஏட்டைப் பார்க்காமலே மனசில் நின்றுவிடும். கைநாட்டு வைக்கும் என் அப்பாயி, எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லும். "ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்பது அதில் ஒன்று. அதோட அருமை எனக்குக் குழுவில்தான் தெரிந்தது.

நான் பிரதிநிதியாக இருந்த முதல் வருஷம். எங்கள் குழுவில் 12 பேர். சேமிப்பும் தவணையும் வாங்கும்போது, நம்ம அக்காதானே, நம்ம தங்கச்சிதானே என்று எண்ணாமல் வாங்கிப் பைக்குள் போட்டேன். மறுநாள் பேங்கில் கட்டப் போனால் 500 ரூபாய் குறைகிறது. யார் குறைத்துக் கொடுத்தது, நான் எங்கே விட்டேன், இன்று வரைக்கும் தெரியாது. பால் காசில் இருந்து நானே கட்டினேன். காசு போனதைவிட, இரண்டு வாரம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் சந்தேகமாகப் பார்த்ததுதான் எனக்கு வலி.

அடுத்த கூட்டத்திலிருந்து எல்லார் முன்னாடியும் சத்தமாக எண்ணித்தான் வாங்கினேன். "என்னை நம்பலையா?" என்று ஒரு அக்காவுக்குக் கோபம். அப்போது எங்கள் குழுவில் மூத்தவங்க சொன்னாங்க: "எண்ணி வாங்குறது சந்தேகம் இல்லடி, மரியாதை. நாளைக்கு உம்மேல பழி வராது பாரு." அன்றைக்கு அடங்கியதுதான், அப்புறம் அந்தப் பேச்சே வரவில்லை.

ஆனால் ஒன்று சொல்லணும். எதுகை மோனை நல்லதை மட்டுமா சுமக்குது? "சாண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளை", "அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு" இதெல்லாமும் காதுக்கு நல்லாத்தான் இருக்கு. பத்தாவது முடித்ததும் எங்கள் தாத்தா அந்த இரண்டாவதைச் சொன்னார். என் படிப்பு நின்றது. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வருஷம் என் மகள் பத்தாவது முடித்தாள். டவுன் பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் சேரணும், பஸ்ஸில் போய் வருவேன் என்றாள். எனக்குப் பயம். அந்தப் பயத்தில் அதே பழமொழி என் வாயிலிருந்தே வந்துவிட்டது! அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. "அம்மா, நம்ம வீட்டுல இருக்குறது கேஸ் அடுப்பு. யாரு ஊதுறா?" என்று கேட்டாள். ஊதாங்குழல் பரண்மேல் கிடக்கு. அதை ஏத்தி வச்ச நான், அந்தப் பேச்சை மட்டும் ஏத்தி வைக்க மறந்துட்டேன். இப்போது அவள் பிளஸ் டூ படிக்கிறாள்.

பழசை மாற்றக் கூடாதா என்று கேட்பீர்கள். பாரதியாரே புதிய ஆத்திசூடி என்று 110 வரி எழுதினார். கோபம் தணியணும் என்றார் ஔவையார். கோபப்படவும் பழகணும் என்றார் பாரதியார். அவரவர் காலத்துக்கு எது தேவையோ அதைச் சொன்னார்கள். நாமும் சொல்லலாம்.

எங்கள் குழுவில் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாங்களே சிலது எழுதி வைத்திருக்கிறோம்:

எண்ணி வாங்கு, எழுதி வாங்கு.
கையெழுத்துக்கு முன்னே கணக்கெழுத்தைப் படி.
கூட்டத்தில் பேசு, குழாயடியில் ஏசாதே.
அடுப்பு அணைஞ்சா மூட்டலாம், படிப்பு அணைஞ்சா மூட்ட வருமா?

கடைசி வரி நான் எழுதியது. உங்கள் குழுவிலும் அடுத்த கூட்டத்தில் ஆளுக்கொன்று சொல்லுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவங்களை முதலில் சொல்லச் சொல்லுங்கள். அவங்க கிட்டதான் நிறைய இருக்கு.