பம்ப் நின்றால் நீர் எங்கே போகும்?



ஆங் மோ கியோ போன்ற வீவக பேட்டைகளில் ஒருவர் வீட்டின் தரைதான் இன்னொருவர் வீட்டின் கூரை. ஆகவே மேல்வீட்டு மீன்தொட்டி கீழ்வீட்டாரின் கவலையாகவும் மாறலாம். பெரிய தொட்டி வைத்திருப்போர் பலர் அதன் அடியில், அலமாரிக்குள், சம்ப் எனப்படும் இரண்டாவது தொட்டியை வைக்கிறார்கள். மேல்தொட்டியில் நிறைந்து வழியும் நீர் குழாய் வழியே சம்ப்புக்கு இறங்கும். அங்கே வடிகட்டப்பட்டதும் பம்ப் அதை மீண்டும் மேலே ஏற்றும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் குழாயும் வால்வும் வாங்குவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். பம்ப் நின்றால் நீர் எங்கே போகும்?

சிங்கப்பூரில் மின்தடை அபூர்வம். ஆனால் பம்ப் நிற்பதற்கு மின்தடை வேண்டியதில்லை. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவி, 1985 ஜூலை முதல் புதிய வீடுகளுக்குக் கட்டாயம். 1970களில் ஆங் மோ கியோவில் எழுந்தவை போன்ற பழைய வீடுகளும் 2025 ஜூலை 1க்குள் அதைப் பொருத்த வேண்டும் என்று பின்னர் விதிக்கப்பட்டது. அது உயிர் காக்கும் கருவி. அவசியம் இருக்க வேண்டும். ஆனால் சமையலறைக் கெட்டில் பழுதானாலும் அது வீடு முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்திவிடலாம். அப்போது பம்ப்பும் நிற்கும்.

பம்ப் நின்றதும், நீரை மேலே ஏற்றிய அதே குழாய் நீரைக் கீழே இழுக்கத் தொடங்கும். அக்குழாயின் வாய் காற்றைத் தொடும் வரை அது நிற்காது. 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் கொண்ட தொட்டியில் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீரும் 5.4 லிட்டர். குழாய் வாய் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 54 லிட்டர் இறங்கும். சம்ப்பில் 45 லிட்டருக்குத்தான் இடமென்றால் மீதி 9 லிட்டர் தரையில் ஓடும். வாயை 3 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்தினால் இறங்குவது சுமார் 16 லிட்டர் மட்டுமே.

செக் வால்வு எனப்படும் ஒருவழி வால்வு போட்டால் போதுமே என்று சிலர் நினைப்பதுண்டு. பாசியோ மணலோ சிறு நத்தையோ இடையில் சிக்கினால் அது முழுமையாக மூடாது. அது கூடுதல் பாதுகாப்பாக இருக்கலாம். அதை மட்டுமே நம்பக்கூடாது.

நீர் இறங்கும் பக்கத்திலும் கவனம் தேவை. அங்கே ஒரே குழாய் இருந்து, அதை ஓர் இலை அடைத்தால், பம்ப் நீரை ஏற்றிக்கொண்டே இருக்கும், மேல்தொட்டி வழியும். ஆகவே இரண்டு குழாய்கள் வேண்டும். முதல் குழாயில் கேட் வால்வு பொருத்தலாம். பால் வால்வு கால் சுற்றிலேயே முழுதாக மூடிவிடும், கேட் வால்வைப் பல சுற்றுகள் திருப்ப வேண்டியிருப்பதால் நீரோட்டத்தை நுணுக்கமாகச் சரிசெய்ய முடியும், சத்தமும் குறையும். இரண்டாவது குழாய் ஆபத்து வேளைக்கு உரியது. அதில் எந்த வால்வும் கூடாது.

பம்ப்புக்கு அருகில் ஒரு யூனியன் இருந்தால், குழாயை அறுக்காமலே பம்ப்பைக் கழற்றிக் கழுவலாம். கண்ணாடியில் துளையிட்டுப் பொருத்தும் டேங்க் கனெக்டரின் ரப்பர் வளையம் தொட்டியின் வெளிப்பக்கமா உள்பக்கமா என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். உப்புநீர்த் தொட்டியில் பித்தளை வால்வு ஆகாது. அதிலிருந்து கரையும் செம்பு இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். அங்கே பிளாஸ்டிக் வால்வுகளே ஏற்றவை.

எல்லாம் பொருத்தியபின், மீன் விடுவதற்கு முன், நீர் நிரப்பி பம்ப்பை ஓடவிடுங்கள். பிறகு வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்துங்கள். இறங்கும் நீர் முழுவதும் சம்ப்பில் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால், பம்ப் ஓடும்போது சம்ப்பில் இருந்த நீர்மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி ஒருநாளும் நீர் ஊற்றக்கூடாது. அடுத்து, பம்ப்பை ஓடவிட்டு முதல் குழாயை அடைத்து, இரண்டாவது குழாய் தாக்குப்பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் போதும். அதன்பிறகு குடும்பத்தோடு வெளியூர் போனாலும், கீழ்வீட்டுக் கூரையைப் பற்றிய கவலை குறையும்.