வந்த பிள்ளைகளின் நன்றிக்கடன்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேசக் கிடைத்தது பெரும் பேறு. மேடையில் நிற்பவர் ஒருவர்தான். ஆனால் பேசுவது ஒரு கூட்டம். இந்தக் கல்லூரியின் வரவு இடாப்பில் 1995ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், வழமையான பெயர்களுக்குக் கீழே கோடு கீறி, புதிதாக எழுதப்பட்ட பெயர்களுக்குரியவர்கள் நாங்கள். ஊரிலே எங்களுக்கு ஒரு பெயர் இருந்தது: ‘வந்த பிள்ளையள்’. அந்த வந்த பிள்ளைகள் சார்பில் சிலவற்றைச் சொல்லவே இன்று வந்திருக்கிறோம். சிலது நன்றி. சிலது, முப்பது ஆண்டு பிந்திய மன்னிப்பு.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி பின்னேரம் யாழ்ப்பாண நகரையும் வலிகாமத்தையும் விட்டு வெளியேறும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மழை. செம்மணி, நாவற்குழி வழியே அந்த இரவு நடந்ததைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. இங்கே திரும்பச் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலானோர் தென்மராட்சியில் நின்றார்கள். பலர் பிறகு வன்னிக்குப் போனார்கள். எங்களில் சில குடும்பங்கள் கொடிகாமம் வழியாகப் பருத்தித்துறைக்கு வந்தோம். அப்போது நாங்கள் சாதாரணதர வகுப்பு.

நகரத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பட்டினம் எப்படித் தெரிந்தது என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மிகச் சிறியதாகத் தெரிந்தது. ஒரு சந்தை, ஒரு பஸ் நிலையம், எந்த ஒழுங்கையால் போனாலும் கடைசியில் கடல். வாடைக்காற்று அடித்தால் உதட்டில் உப்பு. கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் வேறு சுவை. மின்சாரம் இல்லாதது மட்டும் பழகியது; 1990இலிருந்து நாங்களும் ஜாம் போத்தல் விளக்கில்தானே படித்தோம்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது. தெருவில் இறங்கினால், “பிள்ளை எவடம்? ஆற்றை மேள்? இப்ப ஆர் வீட்டிலை இருக்கிறியள்?” என்று கேட்பார்கள். கணித பாடத்தில் எடுத்த புள்ளி எங்களுக்கு முன்னம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். விடுப்புக் கேட்கிற ஊர் என்று நாங்கள் முகத்தைத் திருப்பினோம். அந்தக் கேள்விக்குப் பின்னால், இவர்களுக்குச் சாப்பாடு இருக்கிறதா, படுக்கப் பாய் இருக்கிறதா என்ற கணக்கெடுப்பும் நடந்தது என்பது பதினாறு வயதில் விளங்கவில்லை. விடுப்புக் கேட்ட அதே ஆச்சிமார்தான் ஓடக்கரைத் தோசையைப் பனையோலைப் பெட்டியில் கொண்டுவந்து, “மிச்சம் கிடந்தது” என்று பொய் சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள்.

கல்லூரியில் மூன்று பேர் இருக்கும் வாங்கில் ஐந்து பேர் இருந்தோம். ஆய்வுகூடத்தில் முதல் வாரங்களில் குடும்பங்கள் தங்கியிருந்தன. அதனால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தத் தவணை செய்முறைப் பாடமே நடக்கவில்லை. சில வகுப்புகள் வேப்பமரத்தின் கீழ் நடந்தன. சீருடை இல்லாமல் வந்தவர்களை ஒருவரும் வாசலில் மறிக்கவில்லை. ஒரு கிழமைக்குள் வகுப்பாசிரியை ஒரு உரைப்பையைத் தந்தார். உள்ளே தோய்த்து மடித்த வெள்ளைச் சட்டைகள், மடிப்பு அவிழ்த்து நீளம் கூட்டியவை. யாருடையவை என்று ஆசிரியை சொல்லவில்லை. கொடுத்தவர்களும் இன்றுவரை சொல்லவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் இருந்த யாரோ ஒருத்தி தன் சட்டையை எங்கள் உடம்பில் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

இதற்கெல்லாம் நாங்கள் செய்த கைம்மாறு என்ன? ஒரு நாளைக்குப் பத்துத் தரம், “எங்கடை பள்ளிக்கூடத்திலை இப்பிடி இல்லை” என்று சொன்னோம். எங்கடை பள்ளிக்கூடத்தில் நூலகம் பெரிது. எங்கடை ரியூசனில் இதெல்லாம் எப்போதோ முடித்துவிட்டார்கள். ஒரு நாள் முன்வாங்கில் இருந்த இந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: “அப்ப இது ஆற்றை பள்ளிக்கூடம்?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டாள். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

1996இல் பாதை திறந்ததும் பலர் யாழ்ப்பாணம் திரும்பினார்கள். வீடு இருந்த இடம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டவர்கள் இங்கேயே தங்கினோம். உயர்தரமும் இங்கேயே படித்தோம். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையும் எங்களோடு உயிரியல் படித்தாள். அவளுடைய தாவரவியல் குறிப்புப் புத்தகம் வகுப்பிலேயே ஆக நேர்த்தியானது. அது அவள் வீட்டில் இருந்ததைவிட எங்கள் வீடுகளில் இருந்த நாட்கள்தான் அதிகம். மண்ணெண்ணெய் அருமையான காலத்தில் விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து எழுதினோம்.

பல்கலைக்கழக அனுமதி மாவட்ட அடிப்படையில் நடப்பது உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாண மாவட்டம் முழுவதற்கும் ஒரே கணக்கு. இடம்பெயர்ந்து வந்தவளும், இருந்த வாங்கில் பாதியை விட்டுக்கொடுத்தவளும் அதே சில இடங்களுக்குத்தான் போட்டி. எங்களில் சிலருக்கு மருத்துவபீடம் கிடைத்தது. அவளுக்குச் சொற்ப புள்ளிகளால் தவறியது. நாங்கள் பெறுபேற்றைக் கொண்டாடினோம். அவளுடைய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, முற்றத்தில் நின்று அவளும் எங்களை வாழ்த்தினாள். நாங்கள் ஒரு வார்த்தையும் சரியாகச் சொல்லாமல் வந்துவிட்டோம். என்ன சொல்வதென்று தெரியவில்லை என்பது காரணம், நியாயம் அல்ல.

அவள் பயிற்சி பெற்றுக் குடும்பநல உத்தியோகத்தர் ஆனாள். இந்தக் கரையோரக் கிராமங்களில் சைக்கிளில் வீடு வீடாகப் போனாள்.

2004 டிசம்பர் 26. நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. அப்போது நாங்கள் மருத்துவபீட மாணவிகள். வடமராட்சிக் கரையைக் கடல் அடித்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் வல்லைவெளி தாண்டி மந்திகை வைத்தியசாலைக்கு வந்தோம். எங்கே போவது என்று யாரும் யோசிக்கவில்லை. இது எங்கள் ஊர் என்று அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது.

காயத்துக்கு மருந்து கட்டவும் சேலைன் ஏற்றவும் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். ஆனால் அன்று பெரிய வேலையை அவள்தான் செய்தாள். வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களின் அருகில் கொப்பியோடு நடந்தாள். இது இன்னாருடைய மகள், இது அந்த வாடியடி வீட்டுக்காரரின் மனைவி, இந்தக் குழந்தைக்கு நான்தான் ஊசி போட்டேன், தாய் அங்கே வாட்டில் இருக்கிறா என்று ஒவ்வொன்றாக எழுதினாள். தாயைத் தேடிய பிள்ளைக்கும் பிள்ளையைத் தேடிய தாய்க்கும் பதில் அவளிடம்தான் இருந்தது. “ஆற்றை மேள், எவடம்” என்ற கேள்வியை ஒரு காலத்தில் நாங்கள் இகழ்ந்தோம். அன்று அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒருத்தி இருந்திருக்காவிட்டால், எத்தனையோ பேர் பெயரில்லாமல் போயிருப்பார்கள்.

அன்பானவர்களே, பிறகு எங்கள் வாழ்க்கை பெரும்பாலும் சிறுபட்டினங்களில்தான் போனது. மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்பின் உட்கிராமங்கள் என்று நியமனம் கிடைத்த இடமெல்லாம் போனோம். அவுஸ்திரேலியாவுக்குப் போன எங்கள் தோழிகளும் நகரத்தில் வேலை தொடங்கவில்லை. வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் பொதுவாகப் பத்து ஆண்டுகள் மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதிகளில் வேலை செய்ய வேண்டும் என்பது அங்குள்ள விதி. நோர்வேயின் வடகோடியில், குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே எழும்பாத மீன்பிடிப் பட்டினங்களில் எங்கள் ஆட்கள் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்து பிள்ளை வளர்த்தார்கள். இந்தச் சபையில் இருப்பவர்களிலும் பலர் இப்படித்தான் இருப்பீர்கள்.

சிறுபட்டினத்துக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு, இந்தக் கல்லூரியில் கற்றதை வைத்து மூன்று விடயங்கள் சொல்வோம்.

ஒன்று, ஒப்பிட்டுப் பேசாதீர்கள். “எங்கடை இடத்திலை” என்று தொடங்கும் எந்த வசனமும் கேட்பவருக்கு நோகும். மனதுக்குள் ஒப்பிடாமல் இருக்க முடியாது, வாயை அடக்கலாம்.

இரண்டு, வாங்குவதையும் பழகுங்கள். புதிதாக வந்தவர் கொடுக்க மட்டும் விரும்பினால் அது ஒருவகைப் பெருமை. அயலவர் தரும் முருங்கைக்காயை வாங்குங்கள். அடுத்த வீட்டில் அகப்பையோ ஏணியோ இரவல் கேளுங்கள். இரவல் கொடுத்தவர்தான் முதலில் உறவாகிறார்.

மூன்று, ஊருக்கு உங்களைத் தெரியும் என்பதைப் பயமாக எடுக்காதீர்கள்; பொறுப்பாக எடுங்கள். மருத்துவருக்கு இது இரட்டிப்பு. காலையில் வாட்டில் கண்ட நோயாளியைப் பின்னேரம் சந்தையில் காண்போம். அங்கே நோயைப் பற்றி ஒரு சொல் பேசக் கூடாது. கத்தரிக்காய் விலையைப் பற்றி மட்டும் பேச வேண்டும். தலையிடி என்று திரும்பத் திரும்ப வந்த ஒரு பெண்ணுக்கு உண்மையில் மனச்சோர்வு. மனநலக் கிளினிக் வாசலில் தன்னை யாரும் கண்டுவிடுவார்கள் என்ற பயத்தில் அவர் அங்கே போகவில்லை. எங்கள் தோழி, அந்தக் குடும்பநல உத்தியோகத்தர், குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளிலேயே அவரை மருத்துவர் காணும்படி ஒழுங்கு செய்தாள். மருந்தை எழுதியது மருத்துவர். ஆளைக் காப்பாற்றியது ஊரை அறிந்தவள்.

இனி, இன்றைய பிள்ளைகளுக்கு. உங்கள் வகுப்பிலும் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள், பெற்றோரின் இடமாற்றத்தால் வந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து தமிழ் எழுதத் தடுமாறுகிறவர்கள். அவர்கள் பேச்சு வேறாக இருக்கும். அதைப் பிடித்துப் பகிடி பண்ணாதீர்கள். வாங்கில் கொஞ்சம் அரக்கி இடம் விடுங்கள். இந்தக் கல்லூரி அதைத்தான் செய்து வந்திருக்கிறது.

பழைய மாணவியர் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். 2022 நெருக்கடிக்குப் பிறகு பெருந்தொகையான மருத்துவர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். போனவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. நாங்களும் ஓரிடத்தை விட்டு வந்தவர்கள்தான். ஆனால் ஊரிலே நிற்கிறவர்களை நாம் மறக்கக் கூடாது. இந்த நூற்றாண்டு ஆண்டில் ஒரு சிறு நிதியைத் தொடங்குவோம். அதை மருத்துவபீடமும் பொறியியல்பீடமும் போகிறவர்களுக்குப் பரிசு கொடுக்கப் பயன்படுத்த வேண்டாம். சில புள்ளிகளால் தவறிய பிள்ளைகள் தாதியாக, மருத்துவமாதாக, ஆசிரியையாகப் பயிற்சி பெற்று இந்த ஊரிலேயே நிற்பதற்கு உதவுவோம். புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் கிழமையிலேயே ஒரு சோடிச் சீருடை, யாருடையதென்று சொல்லாமல் கிடைக்கட்டும். வந்த பிள்ளைகளாகிய நாங்கள் எங்கள் பங்கை இன்றே தருகிறோம்.

கடைசியாக, அந்தத் தோழி இந்த மண்டபத்தில்தான் இருக்கிறா. பெயர் சொல்ல வேண்டாமென்று நேற்றே சொல்லிவிட்டா. சொல்லவில்லை. அன்று உன் வீட்டு முற்றத்தில் சொல்லாமல் வந்ததை இன்று இத்தனை பேருக்கு முன்னால் சொல்கிறோம்: உன்னுடைய புத்தகத்தில் படித்துத்தான் நாங்கள் வந்தோம். உன்னிடம் நாங்கள் பட்ட கடன் பெரிது. எங்களை மன்னித்துக்கொள்.

நீ கேட்ட கேள்விக்கும் இப்போது பதில் இருக்கிறது. இது எங்கடை பள்ளிக்கூடம். உன்னுடையதும் எங்களுடையதும்.

எம் கல்லூரி அன்னை இன்னும் பல நூற்றாண்டு வாழ்க!